நாலரைக் கட்டையில் ஒரு விசைப்படகு

"பாட்டுக் கேக்குறதெல்லாம் ஒரு வேலையா?" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வதை ஹாஃபிஸா விட்டு நாலு வருஷம் ஆகிறது. சொன்னால் மட்டும் புரிந்துவிடவா போகிறது? கல்யாண வீட்டில் யாராவது பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "நீ என்னம்மா பண்றே?" என்று ஆரம்பித்தால், "எழுதுறேன்" என்பாள். "எங்க, கலெக்டர் ஆபீசுலயா?" என்று அடுத்த கேள்வி வரும். ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டுச் சோற்றைக் கவனிப்பாள். அவள் உம்மா குல்சும்கூட இன்றைக்கு வரைக்கும் அக்கம்பக்கத்தில் மகளை 'டைப்பிங் வேலை' என்றுதான் சொல்லி வைத்திருக்கிறார்.

விஷயம் இதுதான். ஹாஃபிஸா பாட்டையும் பாடுகிறவர்களையும் பற்றிப் பத்திரிகைகளுக்கு எழுதுகிறவள். எந்தப் பத்திரிகையிலும் சம்பள ஆளாக இல்லை. யார் கேட்டாலும் எழுதிக் கொடுப்பாள், பிடித்தால் கேட்காமலே எழுதி அனுப்புவாள். சொந்த ஊர் தேவிபட்டினம். இப்போது குடியிருப்பது மண்டபத்தில், தம்பி அம்மாரோடு. அம்மார் அங்கே விசைப்படகுகளின் ஜி.பி.எஸ்., வயர்லெஸ் கருவிகளைப் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறான். அந்தக் கடையின் மூலையில் ஒரு மேசை, ஒரு மடிக்கணினி, காதை மூடுகிற பெரிய ஹெட்போன். அவ்வளவுதான் அவள் ஆபீஸ்.

போன பங்குனி மாசம் அவள் பட்ட பாட்டைக் கேளுங்கள். பெருநாள் முடிந்த கையோடு சாயல்குடிப் பக்கம் ஒரு கோயில் திருவிழாக் கச்சேரிக்குப் போய் வந்து விமர்சனம் எழுதினாள். பாடினவர்களைவிடக் கீபோர்டு வாசித்தவர்தான் கச்சேரியைத் தூக்கி நிறுத்தினார் என்று உள்ளதை எழுதிவிட்டாள். பாடகர் அரைமணி நேரம் போனில் கத்தினார். இந்தப் பக்கம் கீபோர்டுக்காரர் தன் மகள் கல்யாணப் பத்திரிகையை அனுப்பிவைத்தார். கீழக்கரைப் பையன்கள் மூன்று பேர் போட்ட ஆல்பத்துக்கு அறிமுகக் கட்டுரை ஒன்று. ஒரு மேளக்காரரின் நீண்ட பேட்டிக்கு எழுத்து வடிவம் ஒன்று. இது போதாதென்று சொந்தச் சோலிகள் வேறு. கடைச் சுவரில் ராமநாதபுரம் மாவட்ட வரைபடத்தை ஒட்டி, எந்த ஊரில் யார் பாடுகிறார்களோ அங்கே ஒரு ஊசி குத்துவாள். பழைய ஆர்மோனியம் ஒன்று வாங்கி, போன் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டிருந்தாள். அவள் துருத்தியை அமுக்கினால் அம்மார் சால்டரிங் கம்பியைக் கீழே வைத்துவிட்டு டீக்கடைக்குப் போய்விடுவான்.

ஆனால் அந்த மாசத்தில் அவள் உயிரே வேறொன்றில் இருந்தது. வயர்லெஸ் பாட்டு.

கடலுக்குப் போகும் படகுகளில் டிரைவர்கள் ஒருத்தருக்கொருத்தர் வயர்லெஸ்ஸில் பேசிக்கொள்வார்கள். அவசரத்துக்கென்று ஒரு சேனல் தனியாக இருக்கிறது. அதில் யாரும் விளையாட மாட்டார்கள். இன்னொரு சேனலில் மதியச் சாப்பாடு முடிந்து, வலையை இழுத்துக்கொண்டு படகு மெதுவாக ஊரும் நேரத்தில், கிண்டலும் கேலியும் நடக்கும். யாராவது பாடுவார்கள். அம்மார் கடையின் மாடியில் உயரமான ஆன்டெனா இருந்ததால் பழுது பார்த்த கருவியைச் சோதிக்கும்போதெல்லாம் அந்தப் பாட்டுகள் கடைக்குள் வந்து விழும். அவற்றில் ஒரு குரல் மட்டும் ஹாஃபிஸாவை நாற்காலியை விட்டு எழ வைத்தது. சினிமாப் பாட்டு இல்லை. அன்றன்றைக்கு வலையில் பட்ட மீனை வைத்துக் கட்டிய சொந்தப் பாட்டு.

"காரலுக்கு வெலையில்லன்னு கடல்மேல கோவமென்ன
எறாலு பட்டிருச்சு எந்திரிங்க டிரைவரண்ணே!"

அடேயப்பா, என்ன குரல் அது! மேலே ஏறும்போது கொஞ்சம்கூடப் பிசிறு கிடையாது. ஹாஃபிஸா பதினெட்டுப் பாட்டுகளைப் பதிவு செய்துவிட்டாள். யார் பாடுவது என்று மட்டும் ஒருத்தருக்கும் தெரியவில்லை. ராமேஸ்வரத்துக்காரர்கள் அது மண்டபத்து ஆள் என்றார்கள். மண்டபத்துக்காரர்கள் பாம்பன் ஆள் என்று அடித்துச் சொன்னார்கள். அந்தச் சேனலில் யாரும் தன் பேரைச் சொல்வதில்லை, அது அங்கே பழக்கம்.

கடைசியில் மண்டபம் ஜெட்டியில் ஒரு படகே திரண்டு வந்து, "அது எங்க டிரைவர் சுரேஷ்தாங்க்கா" என்று சத்தியம் பண்ணியது. சுரேஷும் கூச்சப்பட்டுச் சிரித்தான். "பாடுங்கண்ணே" என்றதற்குத் தொண்டை கட்டியிருக்கிறது என்றான். நம்பினாள். எழுதினாள். சென்னை இணையப் பத்திரிகை ஒன்றில் நாலு பகுதித் தொடராக வரவேண்டியது. முதல் பகுதியிலேயே சுரேஷ் பேரும் படமும் வந்துவிட்டன. போதாக்குறைக்கு, 'இந்த மெட்டு கரையில் பிறந்திருக்கவே முடியாது, அலையின் ஏற்ற இறக்கமே இதன் தாளம்' என்று ஒரு வரியையும் போட்டிருந்தாள். அந்த வரியில் அவளுக்கு அப்படி ஒரு பெருமை.

கட்டுரை வந்த மூன்றாம் நாள் சுரேஷ் கடைக்கு வந்தான். அவன் படகு பழுதாகி நின்றிருந்தது. வயர்லெஸ்ஸையும் சரி பண்ணிவிடலாம் என்று கொண்டுவந்திருந்தான். அம்மார் டீ வாங்கிக் கொடுத்தான். ஹாஃபிஸா போனில் கட்டுரையைக் காட்ட, அவன் தன் படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த நேரம் பார்த்து மேசை மேலிருந்த கருவி பாடியது.

"வாயத் தொறக்காம வந்திருச்சாம் பேப்பருல
பாட்டுக்கு நானிருக்க பட்டம் வேற ஆளுக்கு!"

அதே குரல். சுரேஷ் எதிரே டீ கிளாஸோடு உட்கார்ந்திருக்கிறான். குரல் கடலிலிருந்து வருகிறது. பாட்டு முடிந்ததும் ஒவ்வொரு படகாகச் சிரித்த சிரிப்பு கடை முழுக்கக் கேட்டது. சுரேஷின் முகம் வெளுத்துப்போய்விட்டது. "சும்மா வெளையாட்டுக்குச் சொன்னாய்ங்கக்கா... போட்டோல்லாம் எடுத்த பெறகு எப்பிடி இல்லன்னு சொல்றது?" என்று முனகினான். கருவியைக்கூட எடுக்காமல் போய்விட்டான். படகு சரியான பிறகு அம்மார்தான் அதைக் கொண்டுபோய் மாட்டிவிட்டு வந்தான்.

ஹாஃபிஸாவுக்கு அவன் மேல் கோபம் வரவில்லை. தன் மேல்தான் வந்தது. பாட வைத்துக் கேட்காமல் பாடகன் என்று எழுதியிருக்கிறாள். ஒன்பது வருஷமாகக் காதை வைத்துப் பிழைக்கிற ஒருத்தி செய்கிற காரியமா அது? அன்று மதியம் அவள் சாப்பிடவில்லை.

பத்திரிகை ஆசிரியர் பூங்கோதையை அவளே அழைத்துச் சொன்னாள். மறைத்துப் பழக்கமில்லை.

"ஹாஃபிஸா, திருத்தம் போட்டுத்தான் ஆகணும். யார் பாடினதுன்னு தெரியாம வெறும் 'தவறு நேர்ந்தது'ன்னு போட்டா, மிச்ச மூணு பகுதியையும் நான் நிறுத்த வேண்டியிருக்கும். அப்புறம் உங்க பேர்ல வர்ற எதையும் ஆசிரியர் குழு நம்பாது. என்னால தடுக்க முடியாது."

"சரியான ஆளக் கொண்டுவந்தா?"

"அவரே தன் வாயால சொல்லணும். பேரைப் போட அவர் சம்மதிக்கணும். எப்ப முடியும்?"

ஹாஃபிஸா நாட்காட்டியைப் பார்த்தாள். ஏப்ரல் பதினைந்தில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிடும். அறுபத்தொரு நாள் விசைப்படகுகள் கரையில், வயர்லெஸ் ஊமை, கூலியாட்கள் ஆளுக்கொரு ஊருக்குப் போய்விடுவார்கள். "பதினாலுக்குள்ள" என்றாள்.

வாக்குக் கொடுத்துவிட்டாள். இனி என்ன செய்வது? ஜெட்டியில் போய் மறுபடியும் 'யார் பாடுறது' என்று கேட்டால் இந்த முறை பத்து சுரேஷ் வருவார்கள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு பதினெட்டுப் பதிவுகளையும் திரும்பத் திரும்பக் கேட்டாள். இரண்டு நாள். குரலைக் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போய், அதற்குப் பின்னால் இருப்பதைக் கேட்க ஆரம்பித்தபோதுதான் பொறி தட்டியது. பின்னால் என்ஜின் ஓடுகிறது. பாடுகிறவன் அந்த என்ஜின் சத்தத்தைச் சுருதியாக வைத்துக்கொண்டு பாடுகிறான்! ஆர்மோனியத்தை இழுத்துப் போட்டுப் பார்த்தாள். பதினெட்டுப் பாட்டும் ஒரே சுருதி, நாலரைக் கட்டை. ஆம்பளைக் குரலுக்கு அது ரொம்ப உயரம். விரும்பி யாரும் எடுக்க மாட்டார்கள். என்ஜின் கொடுக்கிற சுருதி அது, வேறு வழியில்லாமல் எடுத்திருக்கிறான்.

"அம்மாரு, இங்க வா! இந்த என்ஜின் எதுன்னு சொல்லு."

அம்மார் ஹெட்போனை வாங்கிக் கேட்டான். "இது இப்ப வர்ற என்ஜின் இல்ல லாத்தா. பழைய மாடல். மண்டபத்துல எல்லாரும் மாத்திட்டாங்க. ராமேஸ்வரத்துல ஒரு இருபது முப்பது போட்டுல கெடக்கும்."

"எல்லாம் ஒரே சத்தமாவா இருக்கும்?"

"அது எப்படி? ஒவ்வொண்ணும் அது அது தேஞ்சதுக்குத் தக்கன உறுமும்."

அப்புறம் நடந்த கூத்தை ராமேஸ்வரம் துறைமுகத்தில் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள். படகுகள் மீன்வளத் துறையில் டோக்கன் வாங்கிக்கொண்டு கடலுக்குக் கிளம்பும் காலை நேரத்தில் ஒரு பெண், முக்காட்டுக்குள் போனைக் காதோடு வைத்துக்கொண்டு ஒவ்வொரு படகாகப் போய் நிற்கிறாள். போனில் நாலரைக் கட்டையில் தம்புரா ஓடுகிறது. "அண்ணே, என்ஜினக் கொஞ்சம் வலை இழுக்குற வேகத்துல ஓட்டிக் காட்டுங்களேன்" என்கிறாள்.

"எதுக்கும்மா?"

"சுருதி பாக்கணும்."

"ஏலே, இங்கன வந்து பாருங்கடா! என்ஜினுக்குப் பாட்டு வாத்தியாரு வந்திருக்கு!"

சிலர் விரட்டினார்கள். சிலர் டீசல் விலையைச் சொல்லிப் புலம்பினாலும் ஓட்டிக் காட்டினார்கள். ஒருத்தர், "எங்க என்ஜினு என்ன ராகம்மா?" என்று மரியாதையாகவே விசாரித்தார். திங்கட்கிழமை பதினோரு படகு. புதன்கிழமை எட்டு. ஒன்று நாலு கட்டை, ஒன்று ஐந்து, ஒன்று எந்தக் கட்டையிலும் நிற்காமல் இருமிக்கொண்டு கிடந்தது. நாலரை மட்டும் இல்லை. புதன்கிழமை திரும்பி வரும்போது பாம்பன் பாலத்தில் பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, அந்த ஆல்பம் பையன்களுக்குக் கட்டுரையை அனுப்பினாள். மற்ற வேலை யார் பார்ப்பது?

சனிக்கிழமை, ஏப்ரல் பதினொன்று. மிச்சமிருந்தவை நாலு படகு. மூன்றாவது படகின் டிரைவர் இமானுவேல், ஐம்பது வயது, தங்கச்சிமடத்துக்காரர். அதிகம் பேசாத ஆள். ஏன் எதற்கு என்று கேட்காமல் என்ஜினை ஓட்டினார். வேகம் கூடக் கூடச் சத்தம் ஏறியது. தம்புராவும் என்ஜினும் முதலில் ஒன்றோடொன்று முட்டி அதிர்ந்தன. அதிர்வு மெதுவாகக் குறைந்து, குறைந்து, சட்டென்று இரண்டும் ஒன்றாகிவிட்டன. எது போன், எது என்ஜின் என்று பிரிக்க முடியவில்லை. ஹாஃபிஸா போனை அணைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, வயர்லெஸ்ல பாடுறது நீங்கதானே?"

"நானா? எனக்குக் கோயில்லயே பாட வராது."

"அப்ப இந்தப் படகுல வேற யாரு?"

"யாருமில்ல. நேரமாச்சு, எறங்குமா."

பொய் சொல்லிப் பழகாத முகம் அவருக்கு. ஆனாலும் அவரை எப்படிப் பேச வைப்பது? அப்போது ஹாஃபிஸா தன் வாழ்நாளில் செய்யாத ஒன்றைச் செய்தாள். அத்தனை ஆம்பளைகள் நடுவில், ஜெட்டியில் நின்றுகொண்டு, என்ஜின் சுருதியிலேயே வாய் திறந்து பாடினாள்.

"காரலுக்கு வெலையில்லன்னு கடல்மேல கோவமென்ன..."

குரல் ஒன்றும் மோசமில்லை. ஆனால் 'கோவமென்ன' என்ற இடத்தில் மெட்டை வளைக்கத் தெரியாமல் நீட்டி இழுத்துவிட்டாள். வேண்டுமென்றேதான் தப்பாகப் பாடினேன் என்று இப்போது சொல்லிக்கொள்கிறாள். அம்மார் நம்பத் தயாராக இல்லை. எப்படியோ, மறுபடி அதே வரியை அதே தப்போடு பாடியபோது, படகின் கீழறையில் ஐஸ் உடைக்கிற சத்தம் நின்றது.

"அங்கன இழுக்கக் கூடாதுக்கா! அங்கன நிறுத்தித் திரும்பணும்!"

ஐஸ் உடைக்கும் கட்டையும் கையுமாக ஒருத்தன் கீழறையிலிருந்து தலையை நீட்டினான். முப்பது வயசிருக்கும். சொன்ன பிறகுதான் என்ன செய்துவிட்டோம் என்று அவனுக்கு உறைத்தது. மெல்ல உள்ளே தலையை இழுத்துக்கொள்ளப் பார்த்தான். இமானுவேல் தலையில் அடித்துக்கொண்டார். "ரெண்டு வருசமா கட்டிக் காப்பாத்துனேன். ஒரு தப்புப் பாட்டப் பொறுக்க முடியல இவனுக்கு."

அவன் பேர் சேதுராமன். கடற்கரை ஆளே இல்லை. ஆர்.எஸ்.மங்கலம் பக்கத்துக் கிராமம். வயல் வேலை இருக்கும்போது ஊரில், இல்லாதபோது படகில் கூலியாள். டிரைவரின் மைக்கைக் கூலியாள் தொடக் கூடாது என்பது கடலில் எழுதாத சட்டம். இமானுவேல் தொட விட்டார். "மதியத்துக்கு மேல எனக்குக் கண்ணைச் சுத்திக்கிட்டு வரும்மா. இவன் பாடுனாத்தான் முழிச்சிருப்பேன். கெட்டதா சொல்லு?" என்றார்.

"இந்த மெட்ட எங்க புடிச்சீங்க? அலையில இருந்துதானே?" ஹாஃபிஸா கேட்டாள். தன் பெருமை வரியை அவள் இன்னும் விடவில்லை.

சேதுராமன் முழித்தான். "அலையா? இது நடவு மெட்டுக்கா. எங்காத்தா நாத்து நடும்போது பாடுறது. நாத்துக்குத் தண்ணியில்லன்னு வானத்துமேல கோவமென்ன, கம்மா நெறஞ்சிருச்சு எந்திரிங்க மாமன்மாரேன்னு வரும். நடும்போது சேத்துல பின்னுக்குப் பின்னுக்குக் கால் வைக்கணும்ல? அதுக்குத்தான் அந்த எடத்துல நிறுத்தித் திரும்புறது. நான் தண்ணிய எடுத்துட்டு மீனப் போட்டேன், அம்புட்டுத்தான்."

கிழிந்தது போங்கள்! ஆளும் தப்பு, மெட்டும் தப்பு. ஹாஃபிஸாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த இடத்திலேயே, ஜெட்டிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். தன் வரி செத்ததில் அவளுக்குத் துளி வருத்தமில்லை. வயக்காட்டுச் சேற்றில் பின்னால் நடந்த பாட்டு படகேறிக் கடலுக்குப் போயிருக்கிறது. அவள் இட்டுக்கட்டியதைவிட அது எவ்வளவு பெரிய விஷயம்!

"சேதுராமண்ணே, உங்க பேரப் போடணும். அதுலதான் என் பொழப்பே நிக்குது, மறைக்க விரும்பல. ஆனா நீங்க வேணாம்னா எழுத மாட்டேன்."

அவன் கையிலிருந்த ஐஸ் கட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான். "கடக்கரக்காரய்ங்க எல்லாரும் அவுக ஊரு ஆளுன்னு நெனச்சுக் கேக்குறாய்ங்கக்கா. வயக்காட்டுப் பய, ஐஸ் ஒடைக்கிறவன்னு தெரிஞ்சா சிரிப்பாய்ங்க. அப்பறம் எவன் பாடச் சொல்லுவான்?" பிறகு கட்டையைக் கீழே வைத்துவிட்டு, "யோசிக்கிறேன். கடைசியா கடலுக்குப் போறது திங்கக்கெழமை. முடிஞ்சா அன்னைக்குச் சொல்றேன்" என்றான். படகு கிளம்பிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து திருத்தத்தை எழுதினாள். திருத்தமா அது? எட்டுப் பக்கம். என் காது எங்கே ஏமாந்தது, ஏன் ஏமாந்தது, ஒரு கூலியாளின் பாட்டைக் கடலே தலையில் வைத்துக் கொண்டாடிவிட்டு அவன் பேரைக் கேட்காமல் விட்டது எப்படி என்று ஒளிவுமறைவில்லாமல் எழுதினாள். அவள் எழுதியதிலேயே அதுதான் உசத்தி. அவளுக்கே தெரிந்தது. பேர் வரவேண்டிய இடங்களை மட்டும் வெற்றிடமாக விட்டிருந்தாள்.

திங்கட்கிழமை மதியம். கடையில் அம்மார், அவனுடைய வாடிக்கையாளர் ஒருத்தர், ஹாஃபிஸா. பதிவுக் கருவி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மணி ஆயிற்று, இரண்டு ஆயிற்று. வயர்லெஸ்ஸில் தடைக்கால நிவாரணம் பற்றியும் வலை பின்னுவது பற்றியும்தான் பேச்சு. அவள் நகத்தைக் கடித்துத் தீர்த்துவிட்டாள். மூன்று மணிக்குக் குரல் வந்தது. பாட்டில்லை, பேச்சு.

"எல்லாருக்கும் வணக்கம். இம்புட்டு நாளா பாடுனது நாந்தான். என் பேரு சேதுராமன். ஆர்.எஸ்.மங்கலம் பக்கம். இமானுவேல் அண்ணன் போட்டுல ஐஸ் ஒடைக்கிறேன். பாட்டு எங்காத்தா நடவுல பாடுன பாட்டு. அக்கா, எம் பேரப் போட்டுக்கங்க."

பிறகு ஒன்றுமில்லை. இரைச்சல் மட்டும். நூற்றுக்கணக்கான படகுகள் கேட்டுக்கொண்டிருக்கின்றன, ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. அவன் பயந்தபடியே ஆகிவிட்டதா? நாம்தான் அந்த மனுஷனைக் கொண்டுபோய்ச் சபையில் நிறுத்திவிட்டோமா?

கருவி கரகரத்தது.

"நான் சுரேஷ் பேசுறேன், மண்டபம். பேப்பர்ல வந்தது எம் பேரு. பாடுனது நான் இல்ல, இந்தண்ணன்தான். நான் சொன்னது பொய்யி." தொண்டையைச் செருமிக்கொண்டான். "சேதுராமண்ணே, மண்டபத்துப் படகு அம்புட்டும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கு. பாடுங்க."

உடனே இன்னொரு குரல், பாம்பனிலிருந்து: "பாடு சேதுராமா!" அப்புறம் ராமேஸ்வரத்துக் குரல், அதற்கு மேல் இன்னொன்று, ஒன்றன் மேல் ஒன்று ஏறிக்கொண்டு யார் பேசுவதும் புரியாமல் ஒரே கூச்சல். அதில் புரிந்ததெல்லாம் அந்தப் பேர் மட்டும்தான். அம்மார் நாற்காலியில் ஏறி நின்று கைதட்டினான். வாடிக்கையாளர் ஒன்றும் விளங்காமலே சேர்ந்து தட்டினார்.

"சத்தம் போடாதீங்கடா, அவன் பாடணும்ல!" என்று இமானுவேல் அதட்டிய பிறகுதான் கடல் அடங்கியது.

நாலரைக் கட்டையில் என்ஜின் உறும, சேதுராமன் எடுத்தான். இந்த முறை மீனில்லை, எறால் இல்லை. நாற்றும் தண்ணீரும் கண்மாயுமாக, அவன் ஆத்தா பாடியபடியே பாடினான். ஹாஃபிஸா அழுகையும் சிரிப்புமாக, எட்டுப் பக்கத்திலும் இருந்த வெற்றிடங்களில் ஒவ்வொன்றாக அந்தப் பேரை அடித்துக்கொண்டிருந்தாள்.